மலை ஏறப் போகிறோம், சைக்கிளில்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்றைக்கு வர முடியாமல் போன உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வரவு செலவு வாசித்தாகிவிட்டது. நிலுவைக் கடன் பட்டியலும் பேசி முடித்தோம். இனி கடைசியாக இருக்கிற விஷயம். நிகழ்ச்சி நிரலில் "சைக்கிள் பயணம்" என்று இரண்டே வார்த்தைதான் போட்டிருக்கிறோம். ஆனால் காலையிலிருந்து டீ குடிக்கிற இடத்தில் எல்லாரும் பேசுவது இதைத்தான். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம். "இதுக்குத்தான் சங்கம் ஆரம்பிச்சோமா?" என்றுகூட ஒரு அம்மா கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் விவரமாகவே பேசிவிடுகிறோம்.

நம் குழுக்களில் இருந்து 12 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். திண்டுக்கல்லில் புறப்பட்டு, செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை ஏற வேண்டும். திரும்பும்போது பெருமாள்மலையில் பிரிகிற பாதையில் பழனிக்கு இறங்கி, ஒட்டன்சத்திரம் வழியாக ஊர் வந்து சேர வேண்டும். எல்லாம் சைக்கிளில். ஐந்து நாள், சுமார் 220 கிலோமீட்டர். பெயர் கொடுத்தவர்களில் மூன்று பேர் கல்யாணம் ஆகாத பிள்ளைகள். மற்றவர்கள் குடும்பஸ்திகள். ஒருவர் பேரன் எடுத்தவர்.

இதற்குக் கூட்டமைப்பின் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பணம் கேட்கவில்லை. வாரம் 50 ரூபாய் தனிச் சேமிப்பாகப் போட்டு, அவர்கள் செலவை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கேட்பது நம் ஆதரவைத்தான். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்றைக்குத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடமிருந்து வந்த நாலு கேள்விக்குப் பதில் சொல்கிறோம்.

முதல் கேள்வி: பொம்பளைகளால் முடியுமா?

அயர்லாந்து என்று ஒரு சின்ன நாடு. அங்கே லிஸ்மோர் என்கிற ஊரில் 1931ஆம் வருஷம் பிறந்தவர் டெர்வ்லா மர்ஃபி. பத்தாவது பிறந்தநாளுக்கு வீட்டில் அவருக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலகப் படப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே, மேட்டில் மிதித்துப் போகும்போது, இந்தியாவரை சைக்கிளிலேயே போக வேண்டும் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டது.

ஆனால் உடனே போக முடிந்ததா? அம்மாவுக்கு மூட்டுவாதம். எழுந்து நடக்க முடியாதவர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார் டெர்வ்லா. பதினாறு வருஷத்துக்கும் மேல் வீட்டில் அதே வேலைதான். நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரிந்த கதை! மாமியாரைப் பார்க்கணும், தம்பியைப் படிக்க வைக்கணும் என்று பள்ளியை விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். 1961இல் அப்பாவும் 1962இல் அம்மாவும் காலமானார்கள். 1963 ஜனவரியில், 31 வயதில், டெர்வ்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டுவிட்டார். பத்து வயதில் போட்ட திட்டம், இருபது வருஷம் கழித்து.

பிரான்சில் தொடங்கி, யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி அதே ஆண்டு ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். புறப்பட்ட அந்தக் குளிர்காலம் ஐரோப்பாவில் பல வருஷத்தில் இல்லாத குளிர். ஆப்கானிஸ்தானில் பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையில் துப்பாக்கிக் கட்டை பட்டு விலா எலும்பு உடைந்தது. ஆறிய பிறகு மறுபடியும் மிதித்தார். பாகிஸ்தானின் வடக்கே பாபுசர் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. அதன் உயரம் 4,173 மீட்டர். நம் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பனி மூடிய அந்தக் கணவாயையும் சைக்கிளோடு கடந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் சைக்கிளில் கியர் இருந்தது. ஆசியாவின் கரடுமுரடான ரோட்டுக்கு அது தாங்காது, ரிப்பேர் ஆனால் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்று புறப்படும் முன்பே அதைக் கழற்றிவிட்டார். நம் வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிள் மாதிரி சாதாரண வண்டியில்தான் அத்தனை மலையையும் தாண்டினார். மிதிக்க முடிந்த இடத்தில் மிதித்தார். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார். தள்ளவும் முடியாத இடத்தில் தூக்கிச் சுமந்தார். மாற்று டயர்களை வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தார். அது அவசர ஆசையில் கிளம்பிய பயணம் இல்லை. திட்டம் போட்டுக் கிளம்பியது.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1965இல் வந்தது. பிறகு ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு நம் தென்னிந்தியாவுக்கு வந்து, குடகு மலையில் தங்கிப் போனார். 2022ஆம் ஆண்டு தம் 90ஆவது வயதில் காலமானார்.

"அது வெள்ளைக்காரி, உடம்பு வாகு வேறு" என்று சொல்வீர்கள். சரி, உள்ளூருக்கே வருவோம். சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் விறகுக் கட்டும் வாழைத்தாரும் தலையில் வைத்து மேடேறி இறங்கிய பெண்கள் யார்? நம் அம்மாவும் பாட்டியும்தானே! பாரம் சுமந்து மலை ஏறும்போது யாரும் "முடியுமா?" என்று கேட்கவில்லை. சைக்கிளில் ஏறுகிறோம் என்றால்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: ஊர் என்ன சொல்லும்?

இதற்குப் பதில் சொல்ல அயர்லாந்து போக வேண்டாம். பக்கத்தில் புதுக்கோட்டை போதும்.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற இயக்கம். அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பெண் தொண்டர்கள் எப்படிப் போவார்கள் என்று யோசித்ததில், சைக்கிள் பயிற்சியையும் எழுத்தறிவோடு சேர்த்துக்கொண்டார்கள். சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

அங்கேயும் கேலி பேசினார்கள். காது கூசுகிற பேச்செல்லாம் பேசினார்கள். ஆனால் விவசாயக் கூலிகள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள், கல் பட்டை தீட்டுகிற பிள்ளைகள் எல்லாரும் கூட்டம் கூட்டமாக வந்து கற்றார்கள். 1992இல் ஒரே வாரத்தில் 70,000 பெண்களுக்கு மேல் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். மொத்தத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காமல் போனபோது, ஆம்பளைச் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். நடுவில் கம்பி இருந்தால் பிள்ளையை உட்கார வைக்கத் தோதாக இருக்கிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியதால் உலகம் முழுக்கத் தெரிந்தது.

ஊர் என்ன சொன்னது? முதல் மாதம் சிரித்தது. ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் என்று ஆனபோது சிரிப்பவர்களுக்குச் சலித்துப் போயிற்று. தங்கள் வீட்டுப் பெண்ணே சைக்கிளில் போகும்போது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இன்னொன்றும் சொல்கிறோம். தைப்பூசத்துக்கு நம் ரோட்டைப் பாருங்கள். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காரைக்குடிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் எவ்வளவோ தூரம். பெண்கள் வெறுங்காலோடு ராப்பகலாக நடக்கிறார்கள். வழியில் படுத்துத் தூங்குகிறார்கள். வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் மோரும் தண்ணீரும் கொடுத்து அனுப்புகிறார்கள். வெளியூரில் ராத்தங்கல் நமக்குப் புதுசில்லை. கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்பதும் புதுசில்லை. சாமிக்காக நடந்தால் தப்பில்லை, தனக்காக மிதித்தால் தப்பு என்று எந்த முருகனும் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்வி: மலை ஆபத்தாச்சே?

ஆமாம், ஆபத்துதான். மறைக்கவில்லை. அதனால்தான் மலை எப்படி, சைக்கிள் எப்படி என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் மலைப் பாதை தொடங்குகிறது. அங்கிருந்து கொடைக்கானல்வரை சுமார் 50 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் சுமார் 1,800 மீட்டர். கணக்குப் போட்டால், 100 அடி போனால் மூன்றரை அடி ஏற்றம் வருகிறது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் செங்குத்தாகத் தெரிகிற மலைக்கு இவ்வளவுதானா ஏற்றம்? அதற்குத்தான் ரோட்டை வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்கள். தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் சில வளைவுகளில் ஏற்றம் இதைவிட அதிகமாக இருக்கும். அங்கே நிதானம் வேண்டும்.

கியர் செய்வதும் இதே வேலைதான். நம் சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். சமவெளிக்கு அது சரி. மேட்டில் அந்த 5 மீட்டரை ஒரே மிதியில் தள்ள முழங்கால் கெஞ்சும். கியர் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 28 என்று மாற்றினால், ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான் போகும். இரண்டரை மடங்கு அதிகம் மிதிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு மிதியும் லேசு. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கடன் அதே கடன்தான். தவணையைச் சின்னதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறோம். மொத்தமாகக் கட்டு என்றால் யாரால் முடியும்? வாரா வாரம் என்றால் எல்லாராலும் முடிகிறது.

கியர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். கியர் வண்டியில் மிதிக்கிறவரும் அங்கே நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடப் போவார். தள்ளுவது அவமானம் இல்லை.

ஏறுவது கஷ்டம், இறங்குவதுதான் ஆபத்து. ஏறும்போது களைத்தால் நின்றுவிடலாம். இறங்கும்போது வண்டி நம்மைக் கேட்காது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால், கட்டையும் ரிம்மும் சூடாகும். கட்டை தேயும், பிடிப்புக் குறையும். அதனால் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன், பின் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிடிக்கக் கூடாது, வளைவு வரும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை எல்லாரும் நின்று, வண்டியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

பஸ்ஸும் லாரியும் கொண்டை ஊசி வளைவில் ரோடு முழுவதையும் எடுத்துத்தான் திரும்பும். அதற்கும் மலைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. சத்தம் கேட்டதும் ஓரமாக நின்று வழிவிட வேண்டும். மலை ரோட்டில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் விதியை நம்பி நாம் நடு ரோட்டில் நிற்கக் கூடாது. மூடுபனி இறங்கினால் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு மலைப் பாதையில் ஓட்டுவதே இல்லை.

அதனால் அவசரமில்லாத திட்டம் போட்டிருக்கிறோம். முதல் நாள் திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு, 35 கிலோமீட்டர், அவ்வளவுதான். இரண்டாம் நாள் காட்ரோடு, டம்டம் பாறை வழியாகப் பண்ணைக்காடு பிரிவு பக்கம் தங்கல். மூன்றாம் நாள் மீதி ஏற்றம். வெள்ளி அருவியைப் பார்த்துவிட்டுப் போனால் கடைசி 8 கிலோமீட்டர்தான் பாக்கி. நாலாம் நாள் பழனிக்கு இறக்கம், சுமார் 64 கிலோமீட்டர். ஐந்தாம் நாள் ஊருக்கு. பன்னிரண்டு பேரில் யார் மெதுவாகப் போகிறாரோ அவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். அவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் போக வேண்டும்.

மாதம் மாசி. மழை முடிந்திருக்கும், பாதயாத்திரைக் கூட்டம் குறைந்திருக்கும், சீசன் கார்கள் இன்னும் வந்திருக்காது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். திண்டுக்கல்லில் வேர்க்கும்போது அங்கே பல் கிட்டும். ஸ்வெட்டர் வேண்டும். இறங்கும்போது எதிர்காற்று நெஞ்சில் அறையும். ஸ்வெட்டருக்கு உள்ளே பழைய நியூஸ்பேப்பரை மடித்து வைத்துக்கொண்டால் காற்று ஏறாது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும். சுடிதார் போட்டுத் துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளலாம். சேலைதான் வசதி என்கிறவர்கள் இழுத்துச் செருகிக் கட்டுங்கள், செயின் கவர் உள்ள வண்டியை எடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். கொடைக்கானலில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. தலைக்கவசம் கட்டாயம்.

சாப்பாடு: அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. கடலை மிட்டாய், சிறுமலைப் பழம், உப்புப் போட்ட மோர், கேழ்வரகுக் கூழ். பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு மேடேற நினைக்காதீர்கள். அது திரும்பி வந்த பிறகு!

உடம்பைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறோம். பெயர் கொடுத்த 12 பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வர வேண்டும். கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. மேடேறும்போது மூச்சு வாங்குவது வயசாகிவிட்டதால் என்று நாம் நினைப்போம், பல சமயம் அது ரத்தம் போதாததால் இருக்கும். குறைவு என்றால் டாக்டர் சொல்கிற மாத்திரையைச் சாப்பிட்டு, சரியான பிறகு அடுத்த தடவை போகலாம். உண்மையைச் சொன்னால், போகாதவர்களும் ஒருமுறை இந்த டெஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் ஓட்டலாம், உடம்பு ஒத்துழைத்தால். நாப்கின், மாற்றுத் துணி, அழுக்குத் துணிக்கு ஒரு பை எடுத்துப் போங்கள். யாருக்கு அவசரம் என்றாலும் 108, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

பரீட்சை இல்லாமல் யாரையும் அனுப்பப் போவதில்லை. முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சமவெளியில் 20, 30 கிலோமீட்டர். பஞ்சர் ஒட்டவும், கழன்ற செயினை மாட்டவும், பிரேக் கட்டை மாற்றவும் ஒவ்வொருவரும் கற்க வேண்டும். பிறகு சிறுமலை. ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு. அதில் ஏறி, பத்திரமாக இறங்கி வருகிறவருக்குத்தான் கொடைக்கானல்.

நாலாவது கேள்வி: பஸ்தான் இலவசமாச்சே, சைக்கிள் எதுக்கு?

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. பெரிய உதவி. மாதம் மிச்சமாகிற காசு எவ்வளவு என்று நம் சேமிப்பு நோட்டே சொல்லும். அதை யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் பஸ் அதன் நேரத்துக்கு வரும், அதன் ரோட்டில் போகும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிற சகோதரிகளைக் கேளுங்கள். மொட்டு விடிவதற்குள் பறித்தாக வேண்டும். முதல் பஸ் வரும்வரை பூ காத்திருக்குமா? பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் நடக்கிற ஊர்கள் எத்தனை! ரேஷன் அரிசி, ஆட்டுத் தீவனம், தையல் துணி எல்லாம் யார் தலையில்? புதுக்கோட்டைப் பெண்கள் கண்டது இதைத்தான். பஸ்ஸுக்கும் வீட்டு ஆம்பளைக்கும் காத்திருக்கிற நேரம் மிச்சம். அந்த நேரத்தில் இன்னும் நாலு ஊருக்குப் போய் வியாபாரம் செய்தார்கள், பிள்ளைகளோடு இருந்தார்கள், கொஞ்சம் ஓய்வும் எடுத்தார்கள்.

இனி இந்தக் கேள்விக்குள் இருக்கிற இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் சைக்கிள் இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற மாணவ மாணவியருக்கு என்று விரிந்தது. நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போனார்கள்! பிளஸ் டூ முடிந்ததும் அந்தச் சைக்கிள் எங்கே போனது?

குழுக் குழுவாகக் கேட்டுப் பார்த்தோம். அண்ணன் எடுத்துக்கொண்டான். அப்பா பால் கேன் கட்டுகிறார். அவசரத்துக்கு விற்றுவிட்டோம். டயர் போய் மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது. பிள்ளை மில்லுக்கு வேனில் போகிறது, வேனில் வருகிறது. கல்யாணம் ஆகிப் போகும்போது பாத்திரம், பண்டம், கட்டில், பீரோ எல்லாம் அனுப்பினோம். சைக்கிளைக் கூடவே அனுப்பினோம் என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஓட்டத் தெரிந்த பிள்ளை, வண்டியும் சொந்தமாக இருந்த பிள்ளை, பதினெட்டு வயதில் வண்டியை விட்டு இறங்கியது. பிறகு ஏறவே இல்லை.

நம் ஊர் பூட்டுக்குப் பேர் போன ஊர். பூட்டு யாருடையது என்பதைச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். உங்கள் வீட்டுச் சைக்கிள் சாவி யாரிடம் இருக்கிறது? இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்க இந்த 12 பேர் சைக்கிளில் போக வேண்டியதில்லை. பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம். ஆனால் இந்தப் பெண்கள் மலைமேல் ஏறி இறங்கி வந்தால், அடுத்த நாள் காலையில் உரக்கடைக்குச் சைக்கிளில் போகிற மருமகளைப் பார்த்து யாரும் "இவளால் முடியுமா?" என்று கேட்க மாட்டார்கள். 220 கிலோமீட்டர் போவது, நம் ஊரில் தினமும் போக வேண்டிய 3 கிலோமீட்டருக்காகத்தான்.

கடைசியாக, கேட்கப்படாத கேள்வி ஒன்று

யாரும் வாய் விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லார் மனதிலும் இருக்கிறது. ஐந்து நாள் வீட்டில் சமைப்பது யார்? மாட்டுக்குத் தண்ணி காட்டுவது யார்? பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்?

மலையைவிடப் பெரிய மேடு இதுதான். இதில் தனியாக ஏற முடியாது. அதனால்தான் கூட்டமைப்பின் ஆதரவு வேண்டும் என்கிறார்கள். பயணம் போகிறவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரவர் குழுவிலிருந்து இரண்டு பேர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் யோசனை. காலையில் ஒருவர் எட்டிப் பார்க்கட்டும், சாயங்காலம் ஒருவர் எட்டிப் பார்க்கட்டும். மாமியார்களே, உங்களிடமும் கேட்கிறோம். நீங்களும் ஒரு காலத்தில் எங்கேயோ போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள்தான். அன்றைக்கு உங்களை அனுப்ப ஆளில்லை. இன்றைக்கு அனுப்புகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். வீட்டு ஆண்களிடம் பேச வேண்டும் என்றால் நிர்வாகக் குழு வந்து பேசுகிறோம். ஐந்து நாள் சோறு வடித்தால் கை தேய்ந்துவிடாது என்பதையும் சொல்கிறோம்.

சகோதரிகளே, தீர்மானத்தை வாசிக்கிறோம். ஒன்று, 12 பேரின் சைக்கிள் பயணத்துக்குக் கூட்டமைப்பு ஆதரவு அளிக்கிறது. இரண்டு, மருத்துவப் பரிசோதனையும் சிறுமலைப் பயிற்சியும் முடித்தவர் மட்டுமே போகலாம். மூன்று, பயணம் போகிறவர் வீட்டுக்கு அவரவர் குழு பொறுப்பு. நாலு, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் வீடுகளில் கிடக்கிற சைக்கிள்களைக் கணக்கெடுத்து, ரிப்பேர் செலவுக்கு உள்கடன் கேட்கிறவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும்.

இந்த நாலாவதுதான் எங்களுக்கு முக்கியம். மலைக்குப் போகிறவர்கள் 12 பேர். தொழுவத்தில் கிடக்கிற சைக்கிளை எடுத்துத் துடைக்க எல்லாராலும் முடியும்.

ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள். எதிர்க்கிறவர்களும் தயங்காமல் எழுந்து பேசுங்கள். பேசி முடித்த பிறகு தீர்மான நோட்டில் எழுதுவோம்.

(மூன்று உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசினார்கள். அவர்கள் கேட்டதற்கு இணங்க, ஒவ்வொரு நாள் மாலையும் தங்கும் இடத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. பிறகு தீர்மானம் நிறைவேறியது. சைக்கிள் கணக்கெடுப்புப் படிவம் குழு ஊக்குநர்களிடம் கிடைக்கும்.)